காகிதப்பூச் செடி பூக்காமல் இலையாகவே வளர்வது ஏன்?

"மூன்று வருஷமாகத் தொட்டியில் ஒரு காகிதப்பூச் செடி வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் விடுகிறேன், மாதம் ஒருமுறை உரமும் போடுகிறேன். செடி பச்சைப்பசேலென்று இருக்கிறது, நீளநீளமாகக் கிளை விடுகிறது, முள்ளுக்கும் குறைவில்லை. பூ மட்டும் வாங்கி வந்த முதல் மாதத்தோடு சரி. எங்கே தவறு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தினமும் தண்ணீர், மாதம் தவறாமல் உரம், நீளக் கிளை, நிறைய முள். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. செடிக்கு நோய் ஒன்றும் இல்லை. தேவைக்கு மேல் கிடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் அது வளர்வதிலேயே குறியாக இருக்கிறது. ரோஜாவைப் பார்த்துக்கொள்கிற கையோடு போகன்வில்லா என்கிற இந்தக் காகிதப்பூவையும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். நான் முதலில் வைத்த செடியும் இரண்டு வருஷம் இப்படித்தான் இருந்தது.

எதையும் மாற்றுவதற்கு முன் செடியிடம் போய் ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில், அந்த இடுக்கில், ஒரு முள் இருக்கும். இப்போது எங்கேயாவது பூத்திருக்கும் ஒரு காகிதப்பூச் செடியின் கிளையைப் பாருங்கள். பூங்கொத்தின் காம்பும் அதே இடுக்கிலிருந்துதான் கிளம்பியிருக்கும். முள்ளும் பூவும் ஒரே இடத்தில், ஒரே மாதிரியான அரும்பிலிருந்து பிறக்கின்றன. வெளிச்சம் குறைவாகவும் தண்ணீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகமாகவும் இருந்தால் செடிக்குள் வளர்ச்சி ஊக்கிகளின் கை ஓங்கி, அந்த அரும்பு முள்ளாக நீண்டு முடிந்துவிடுகிறது. வெயில் நன்றாகக் கிடைத்து, வேர்ப்பகுதி அவ்வப்போது காய்ந்தால் அதே அரும்பு பூங்கொத்தாகிறது. சில செடிகளில் இரண்டுக்கும் நடுவில் நின்றுபோன முட்களைக்கூடப் பார்க்கலாம். முள்ளின் நுனியிலோ பக்கத்திலோ சின்னதாக ஒரு பூக்காம்பு முளைத்திருக்கும். இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இந்தச் செடியை எப்படிக் கையாள்வது என்பது எனக்குப் பிடிபட்டது. கீழே சொல்லப்போகும் வெயில், தண்ணீர், தொட்டி, கிளைகளை வெட்டிவிடும் கவாத்து எல்லாமே கணுவில் இருக்கும் அந்த அரும்பைப் பூப்பக்கம் திருப்புகிற வேலைதான்.

பூ என்று நாம் சொல்வதையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள். நிறமாக, காகிதம் மாதிரி மெலிதாக இருக்கும் மூன்றும் இதழ்கள் இல்லை. அவை நிறம் மாறிய இலைகள், பூவடிச்செதில்கள் என்பார்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இலையில் இருப்பது போலவே நடுநரம்பும் கிளைநரம்புகளும் தெரியும். ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு மெல்லிய குழல் ஒன்று நிற்கும். அதன் வாயில் வெள்ளையாகச் சின்ன நட்சத்திரம் போல விரிந்திருப்பதுதான் உண்மையான பூ. அது சில நாளில் வாடிவிடும். நிறச்செதில்களோ வாரக்கணக்கில் நிற்கும். காகிதப்பூ இவ்வளவு நாள் வாடாமல் இருக்கிறதே என்று ஆச்சரியப்படுகிறோமே, நாம் பார்த்துக்கொண்டிருப்பது இலையை. அந்த ஊதா, சிவப்புக்குக் காரணம் பீட்ரூட்டுக்கு நிறம் தருகிற அதே பீட்டாலைன் வகை நிறமிகள். செடி அந்திமந்தாரையின் குடும்பத்தைச் சேர்ந்தது.

பெயர் வந்த கதை சுருக்கமாக. 1766-ல் பிரான்சிலிருந்து லூயி ஆன்டுவான் தெ பூகன்வீல் என்ற கடற்படைத் தலைவர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவருடன் போன தாவரவியலாளர் ஃபிலிபேர் கொமேர்சோன் 1767-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடியைச் சேகரித்துத் தன் தலைவரின் பெயரை வைத்தார். கொமேர்சோனுக்கு உதவியாளாக ஆண்வேடத்தில் கப்பலேறியவர் ழான் பாரே என்ற பெண். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று அறியப்படுபவர் அவர்தான். செடியை முதலில் கண்டெடுத்ததும் அவராகவே இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. வரலாற்றை விட, செடியின் சொந்த இடம் தென் அமெரிக்கா என்பது நமக்கு முக்கியம். மழை வந்து போய், நீண்ட வறண்ட காலம் தொடர்கிற பகுதிகளுக்குப் பழகிய செடி இது. மழையில் வளரும், மண் காய்கிற காய்ச்சலில் பூக்கும். உங்கள் தொட்டியில் வருஷம் முழுக்க மழைக்காலம்தான் நடக்கிறது.

சரி, வெயிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். குறைந்தது 5, 6 மணி நேரம் நேரடி வெயில் இலையின் மேல் விழ வேண்டும். காலையிலிருந்து மாலை வரை விழுந்தால் இன்னும் நல்லது. "பால்கனியில் நல்ல வெளிச்சம் இருக்கிறது" என்று நிறையப் பேர் சொல்வார்கள். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் இடம் இந்தச் செடிக்கு நிழலாக இருக்கும். ஒருநாள் வீட்டில் இருக்கும்போது காலை 8 மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை போய், செடியின் நிழல் தரையில் கூர்மையாக விழுகிறதா என்று பாருங்கள். கூர்மையான நிழல் விழுகிற நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். அது 4 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் மீதி எதைச் செய்தும் பெரிய பலன் இருக்காது. தொட்டியை மொட்டைமாடிக்கோ சுவரின் வேறு பக்கத்துக்கோ மாற்றுவதுதான் வழி. மாற்றவே முடியாத வீடு என்றால் நிழலில் பூக்கிற வேறு செடியை வைத்துக்கொள்வது நல்லது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். போகன்வில்லா அங்கே செத்துப்போகாது, ஆனால் கொடியும் முள்ளுமாகவே இருக்கும்.

நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் கடும் வெயிலில் வைத்தால் இலைகள் கருகும், சில சமயம் மொத்தமாகக் கொட்டும். ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். அப்படியும் கொஞ்சம் இலை விழும். இடம் மாறினால் இலையை உதிர்ப்பது இதன் இயல்பு. கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்து உள்ளே பச்சை தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், புது இலை வரும். இந்த நேரத்தில் பயந்துபோய்த் தண்ணீரை அதிகமாக ஊற்றித்தான் பலரும் செடியை இழக்கிறார்கள். இலை இல்லாத செடி தண்ணீரை உறிஞ்சாது, ஈரத்திலேயே நிற்கும் வேர் அழுகும்.

இருட்டின் நீளத்துக்கும் பங்கு உண்டு. பகல் குறைந்து இரவு நீளும் மாதங்களில் இது தாராளமாகப் பூக்கும். அதிலும் அந்த மாதங்கள் மழையில்லாமல், இரவில் கொஞ்சம் குளிராகவும் இருந்துவிட்டால் இலையே தெரியாத அளவுக்குப் பூக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை, அங்கே காய்ச்சலுக்கும் மழைக்கும் ஏற்ப வருஷத்தில் பல தடவை பூக்கும். அதனால் உங்கள் செடி அடைமழைக் காலத்தில் பூக்கவில்லை என்றால் அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். உங்கள் செடியின் சிக்கலில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றுங்கள். மேலாகக் கொஞ்சம் தெளிக்கும் பழக்கம் இந்தச் செடிக்கு ஆகாது. மேல்மண் மட்டும் நனைந்து, அடிவேர் எந்நேரமும் பட்டினி கிடக்கும். ஊற்றும்போது முழுதாக ஊற்ற வேண்டும், அப்புறம் முழுதாகக் காயவிட வேண்டும்.

பூக்க வைப்பதற்கென்று செய்கிற காய்ச்சல் இதைவிட ஒரு படி கூட. நல்ல வெயிலில் நிற்கும், வேர் ஊன்றிய செடிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். விரலுக்குக் காய்ந்திருந்தாலும் அன்று தண்ணீர் விடாதீர்கள். கிளை நுனிகளைக் கவனியுங்கள். முதலில் நுனியிலிருக்கும் இளம் தளிர் லேசாகத் தலை சாயும். அதற்குக் கீழே இருக்கும் இலைகள் விறைப்பு குறைந்து, தொட்டால் துணி மாதிரி இருக்கும். அந்த நிலையில் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள், சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மறுபடி அந்த நிலை வரும் வரை காத்திருங்கள். இப்படி மூன்று, நான்கு சுற்று போனால் நுனிகளில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். கவனிக்க வேண்டியது இரண்டு. உச்சி வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், ஈரம் இருந்தாலும் சில செடிகள் மதியத்தில் அப்படி நிற்கும். காலையில் எழுந்து பார்க்கும்போதும் தளர்ந்திருந்தால்தான் அது உண்மையான தாகம். இரண்டாவது, இலை மஞ்சளாகிக் கொட்டுகிற வரை காயவிடக் கூடாது. தளர்வது செடிக்குக் கொடுக்கிற சைகை. இலை கருகிச் சுருண்டுவிட்டால் எல்லை தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

புதிதாக நட்ட செடிக்கு முதல் சில மாதங்கள் இந்தக் காய்ச்சல் வேண்டாம். தரையில் நட்டு ஒன்றிரண்டு வருஷம் ஆன செடிக்குப் பெரும்பாலும் மழையே போதும், நீண்ட வறட்சியில் மட்டும் எப்போதாவது ஆழமாகத் தண்ணீர் விடலாம். பக்கத்தில் தினமும் தண்ணீர் குடிக்கும் செடிகள் இருந்தால் அவற்றோடு சேர்ந்து இதற்கும் ஈரம் போய்விடும். தரையில் நடுபவர்கள் யோசிக்காமல் விடுகிற விஷயம் அது. புல்தரையின் நடுவில் வைத்த காகிதப்பூ பூக்கத் தயங்குவது பெரும்பாலும் அதனால்தான்.

தொட்டியைப் பற்றி. நீங்கள் தொட்டியின் அளவைச் சொல்லவில்லை. பெரிய தொட்டியில் வைத்தால் செடி சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து மாற்றியிருந்தால், இலை பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். வேருக்கு இடம் இருக்கும்வரை செடி அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். அதோடு, வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும். வேர் தொட்டி முழுக்கச் சுற்றிக்கொண்டு நெருக்கமாக இருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கிறது. மூன்றடி, நான்கடி உயரத்தில் வைத்துக்கொள்ளும் செடிக்கு 12 அங்குலத் தொட்டியே பல வருஷம் போதும். மண்தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் என்றால் அடியில் துளை நான்கைந்தாவது இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

தொட்டி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இதன் வேரைப் பற்றித் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். மேலே முள்ளும் கட்டையுமாக முரட்டுத்தனமாக இருக்கும் இந்தச் செடிக்கு வேர் மிக நொய்மையானது. மெல்லிய நூல் மாதிரி இருக்கும், மண்ணோடு இறுகப் பின்னிக்கொள்வதில்லை. தண்டைப் பிடித்துத் தூக்கினால் மண் ஒருபக்கமும் செடி ஒருபக்கமுமாக வந்துவிடும். எனக்கு அப்படி ஒன்று நடந்தது. நாற்றுப்பையிலிருந்து இழுத்து எடுத்தபோது வேரோடு இருந்த மண்கட்டி அப்படியே உதிர்ந்து காலடியில் விழுந்தது. கையில் நாலைந்து வேர்நூலோடு வெறும் குச்சிதான் மிஞ்சியது. நிழலில் வைத்து எவ்வளவோ பார்த்தும் அது பிழைக்கவில்லை. இப்போதெல்லாம் பையின் பக்கத்தைக் கத்தியால் மேலிருந்து கீழ்வரை கீறிவிட்டு, புதுத் தொட்டியின் குழியில் வைத்த பிறகுதான் பையை உருவி எடுக்கிறேன். மாற்றுவதற்கு முந்தின நாள் தண்ணீர் விட்டு வைத்தால் மண்கட்டி உடையாமல் வரும். மற்றச் செடிகளுக்குச் செய்வதுபோல வேரைப் பிரித்துவிடுவதோ கழுவுவதோ வேண்டாம். பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும்.

மண் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் வடியவிட வேண்டும், அதுதான் முக்கியம். செம்மண் அல்லது தோட்டமண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவை அதிகம் சேர்க்காதீர்கள், அது ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். லேசான அமிலத்தன்மை உள்ள மண் இதற்கு ஏற்றது. உப்பும் சுண்ணாம்பும் அதிகமுள்ள தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றினால் மண் காரத்தன்மைக்குப் போய், இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் போகும். அப்போது புதிதாக வரும் இலைகள் மஞ்சளாகவும் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இருக்கும். செடிகளுக்கென்று கிடைக்கும் கரையக்கூடிய இரும்புச்சத்தைக் கொடுத்தால் சில வாரத்தில் தெளியும். மழைநீர் சேமிக்க முடிந்தால் அதை இந்தச் செடிக்கு வையுங்கள். இளம் இலைகள் நன்றாக இருந்து, கீழே உள்ள முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் படர்ந்தால் அது மெக்னீசியக் குறை. அதற்கு எப்சம் உப்பு உதவும். எப்சம் உப்பைப் பூக்க வைக்கிற மருந்து என்று சொல்கிறார்கள், அது சரியில்லை. மெக்னீசியம் குறைவாக இருக்கும் செடிக்கு மட்டும்தான் அதனால் பயன்.

உரத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். நீங்கள் போட்டது தழைச்சத்து அதிகமான உரமாக இருந்தால், மாதம் தவறாமல் "வளர், வளர்" என்று செடியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உரப்பையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களில் முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. முதல் எண் மற்ற இரண்டையும்விடப் பெரியதாக இருக்கும் உரம் இந்தச் செடிக்கு வேண்டாம். பூத்து முடிந்து கவாத்து செய்ததும் மண்புழு உரம் இரண்டு கைப்பிடி, கூடவே சாம்பல்சத்து அதிகமுள்ள உரம் கொஞ்சம். அப்புறம் மொட்டு வரும் வரை ஒன்றும் வேண்டாம். தரையில் வேரூன்றிய செடிக்கு இதுகூட அவசியமில்லை.

கவாத்துக்கு வருவோம். இந்தச் செடி அந்தப் பருவத்தில் வந்த புதுக் கிளையில்தான் பூக்கும். பழைய கிளை நீண்டுகொண்டே போனால் பூ நுனியில் மட்டும் எட்டாத உயரத்தில் வரும், நடுவெல்லாம் வெறும் கட்டையாக நிற்கும். வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழேயுள்ள கணுக்கள் விழித்து இரண்டு, மூன்று புதுக்கிளை வரும். ஒவ்வொன்றும் பூக்கத் தகுந்த கிளை. அதனால் வெட்டப் பயப்படாதீர்கள். நல்ல வேருள்ள செடியைப் பாதியாகக் குறைத்தாலும் திரும்ப வந்துவிடும்.

எப்போது என்பதுதான் கேள்வி. ஒரு சுற்றுப் பூத்து, நிறம் மங்கி உதிரத் தொடங்கியதும் வெட்டலாம். பெரிய கவாத்து என்றால் அடுத்த பூக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பு முடித்துவிடுங்கள். குளிரில் உறைபனி விழும் இடங்களில் இருப்பவர்கள் குளிர்காலம் முடிந்த பிறகு செய்ய வேண்டும், புதுத்தளிர் உறைபனியில் கருகிவிடும். மொட்டு எட்டிப்பார்க்கும் நேரத்தில் கத்தரியைத் தொடாதீர்கள். "வெட்டினேன், அப்புறம் பூக்கவே இல்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மொட்டுள்ள நுனிகளை வெட்டியவர்கள்தான்.

எப்படி வெட்டுவது? முதலில் காய்ந்தவை, உள்பக்கம் குறுக்கே ஓடுபவை, அடியிலிருந்து நேராக வாளிப்பாகக் கிளம்பும் நீர்க்கிளைகள் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். அந்த நீர்க்கிளைகளை அடையாளம் காண்பது எளிது, மற்றவற்றைவிடப் பருமனாக, கணுக்களுக்கு இடையே தூரம் அதிகமாக, பெரிய முட்களோடு இருக்கும். செடி வாங்கும் சத்தில் பெரும்பகுதியை அவையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன "நீளநீளமான கிளைகள்" இவையாகத்தான் இருக்கும். இடம் வெறுமையாக இருந்து ஒரு கிளை தேவைப்பட்டால் மட்டும் ஒன்றை விட்டுப் பாதியில் நுனியைக் கிள்ளுங்கள். மீதமுள்ள பக்கக்கிளைகளை இரண்டு, மூன்று கணு விட்டு, வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். புதுக்கிளைகள் ஒரு சாண் வந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளினால் இன்னும் பிரியும். அதன்பிறகு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். அடுத்து வருவது பூ.

தடித்த கையுறை, முழுக்கை சட்டை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். முள் ஆழமாக ஏறினால் சிலருக்கு வீங்கும், சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். வெட்டிய துண்டுகளை உடனே அள்ளிவிடுங்கள். காய்ந்த முள் செருப்பையும் துளைக்கும்.

கொடியாக ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இதற்குப் பற்றுக்கம்பியும் கிடையாது, சுவரில் ஒட்டும் வேரும் கிடையாது. காட்டில் மற்ற மரங்களின்மேல் சாய்ந்து, முள்ளை மாட்டிக்கொண்டு ஏறுகிற செடி இது. நாம்தான் கட்டிவிட வேண்டும். மெல்லிய கம்பியால் கட்டினால் கிளை பருத்ததும் கம்பி உள்ளே பதிந்து அறுத்துவிடும். துணிக்கீற்றால் தளர்வாக எட்டுப்போல் கட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். கிளையை நேராக மேலே ஏற்றாமல் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால், வழியிலுள்ள கணுக்கள் எல்லாம் தளிர்த்து நெடுகப் பூக்கும்.

பூச்சிகள் அதிகம் வராது. வந்தால் பெரும்பாலும் மூன்று. இலை ஓரங்களை யாரோ கத்தரித்த மாதிரி அரைவட்டமாகக் குறைந்துபோயிருக்கும், ஆனால் பகலில் எவ்வளவு தேடினாலும் பூச்சியைக் காணோம் என்றால் அது காவடிப்புழுவாக இருக்கும். குச்சியின் நிறத்திலேயே அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்து இரவில் தின்னும். இருட்டிய பின் டார்ச் எடுத்துப் போனால் முதுகை வளைத்து நடப்பதைப் பார்க்கலாம். கையால் பொறுக்கிவிட்டாலே போதும், அதிகமாக இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லியை மாலையில் தெளிக்கலாம். இளந்தளிரில் அசுவினி வரும், தண்ணீரை வேகமாகப் பீச்சினால் போய்விடும். மாவுப்பூச்சிதான் கொஞ்சம் பிடிவாதம். கணு இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சாகத் தெரியும், எறும்பு ஏறி இறங்கினால் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக்கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளியுங்கள். மழைக்காலத்தில் இலையில் பழுப்புப் புள்ளிகள் விழுவது தொடர் ஈரத்தால் வருவது. அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், காற்றோட்டம் கொடுங்கள். மழை விட்டதும் சரியாகிவிடும்.

கவாத்தில் விழும் குச்சிகளை வீணாக்க வேண்டாம். பென்சில் பருமனுக்கு மேல், முற்றிய, பழுப்பேறிய குச்சியை 6 முதல் 8 அங்குல நீளத்தில் வெட்டி, இலைகளை எடுத்துவிட்டு, மணல் கலந்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு புதைத்து, நிழலில் வையுங்கள். வேர் ஊக்கித் தூள் கிடைத்தால் அடிநுனியில் தொட்டுக்கொள்ளலாம், பிழைக்கும் குச்சிகளின் எண்ணிக்கை கூடும். எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு, மூன்று வாரத்தில் குச்சியிலிருந்து அழகாகத் தளிர் வரும். அதைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குச்சிக்குள் சேமித்து வைத்திருந்த சத்தில் வந்த தளிர் அது, அடியில் வேர் இன்னும் இருக்காது. அந்த நேரத்தில் இழுத்துப் பார்த்தாலும் இடம் மாற்றினாலும் போய்விடும். முழுதாக இரண்டு, மூன்று மாதம் அப்படியே விட்டு, தொட்டியின் அடித்துளையில் வேர் நுனி தெரிந்த பிறகு மாற்றுங்கள். விதை அரிதாகத்தான் பிடிக்கும், குச்சி பிடிக்காத ரகங்களுக்குப் பதியன் போடலாம்.

ரகங்களில் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூக்கும் சுபாவம் ரகத்தைப் பொறுத்தும் மாறும். ஸ்பெக்டாபிலிஸ் இனம் பெரிய கொடி, முள் பெரிது, இலை அடியில் மென்மையான ரோமம் இருக்கும். வருஷத்தில் ஒரு பெரிய சுற்றுப் பூத்து ஓய்ந்துவிடும் செடி பெரும்பாலும் இந்த வழி வந்தது. கிளாப்ரா இனத்துக்கு இலை பளபளப்பு, முள் சிறிது, அடிக்கடி பூக்கும். தொட்டிக்கு அதுதான் வசதி. ஒரே செடியில் வெள்ளைக் கொத்தும் இளஞ்சிவப்புக் கொத்தும் தருகிற 'மேரி பால்மர்', அதிலிருந்து வந்த, இலையின் நடுவில் மஞ்சள் தீற்றலுள்ள 'திம்மா' இரண்டும் பார்க்க மிக அழகு. இலையில் வெள்ளையோ மஞ்சளோ கலந்த ரகங்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும், பச்சை குறைவு அல்லவா. அடுக்கு ரகங்களில் வாடிய செதில்கள் தானாக உதிராமல் பழுப்பாகத் தொங்கும், நாமே கிள்ள வேண்டும். பல நிறம் ஒட்டுக்கட்டிய செடி வைத்திருப்பவர்கள் ஒட்டுக்குக் கீழே வரும் கிளைகளை உடனுக்குடன் எடுத்துவிடாவிட்டால் கடைசியில் ஒரே நிறம்தான் மிஞ்சும்.

இனி உங்கள் செடிக்கு. இந்த வாரம் செடியின் மேல் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் இடத்தை மாற்றுங்கள். நிழலில் இருந்ததென்றால் மெதுவாக. உரத்தை நிறுத்துங்கள். இப்போது பூவோ மொட்டோ இல்லை என்பதால் நீர்க்கிளைகளை எடுத்து, மற்றவற்றை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். தளிர் வரும் வரை மண் காய்ந்ததும் தண்ணீர் என்ற சாதாரண முறையே போதும். புதுக்கிளை ஒரு சாண் வந்து, நுனி கிள்ளி, மறுபடி தளிர்த்த பிறகு நான் சொன்ன காய்ச்சலைத் தொடங்குங்கள். வெட்டிய நாளிலிருந்து 6 முதல் 10 வாரம் ஆகலாம், மழைக்காலம் குறுக்கே வந்தால் இன்னும் தள்ளும்.

மொட்டு வருவதை முதலில் நிறத்தை வைத்துத் தேடாதீர்கள். நுனிக்குப் பக்கத்துக் கணுக்களில், முள் இருக்க வேண்டிய இடுக்கில், மெல்லிய காம்பும் அதன் முனையில் மூன்று சின்ன இலைகள் ஒன்றையொன்று அணைத்த மாதிரி ஒரு முடிச்சும் வரும். முதல் சில நாள் அது பச்சையாகவே இருக்கும், பிறகு ஓரத்திலிருந்து நிறம் ஏறும். அந்த முடிச்சைக் கண்டதும் காய்ச்சலை நிறுத்திவிட்டு, மண் காய்ந்தவுடன் ஒழுங்காகத் தண்ணீர் கொடுங்கள். அந்த நேரத்தில் மறுபடி வாடவிட்டால் மொட்டு உதிர்ந்துவிடும். தொட்டியையும் அந்த இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள்.